டீச்சர்மாருக்குக் கொரோனா தொற்று வருவது பிள்ளைகளிடமிருந்துதானா?

கேள்வி: 6 செப்டம்பர் 2021

மனைவி மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். 1ஆம் தேதி ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை திறந்தாச்சு. அவளுக்குச் சுகர் உண்டு. தடுப்பூசி இரண்டும் போட்டாச்சு. பக்கத்துப் பள்ளியில் முதல் வாரமே இரண்டு டீச்சருக்குப் பாசிட்டிவ். பிள்ளைகள்தான் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுக்கிறார்கள், வேறென்ன? லீவு போடச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். பள்ளியில் வேலை செய்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.

6 செப்டம்பர் 2021, இரவு

தக்கலைக்குப் பக்கத்தில் உதவி பெறும் பள்ளி ஒன்றில் 19 வருஷமாக அறிவியல் எடுக்கிறேன். லீவு போடச் சொல்ல வேண்டாம் அண்ணே. மதியச் சாப்பாட்டை எங்கே இருந்து, யாரோடு சாப்பிடுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

7 செப்டம்பர் 2021

நேற்று தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியோடு நிறுத்திவிட்டேன். விவரம் இதுதான்.

இந்த வருஷம் ஜனவரி 19 அன்று பத்தும் பன்னிரண்டும் திறந்தார்கள். பிப்ரவரி 8 அன்று ஒன்பதும் பதினொன்றும் வந்தன. வகுப்புக்கு 25 பிள்ளைகள், வாசலில் தெர்மல் ஸ்கேனர், சானிடைசர், வைட்டமின் மாத்திரை, துத்தநாக மாத்திரை. யார் எங்கே இருக்கக் கூடாது என்று பெஞ்ச் பெஞ்சாகச் சாக்பீசால் பெருக்கல் குறி போட்டது நான்தான். பென்சில் கைமாறினால்கூட அதட்டினேன். எல்லாக் கவனமும் பிள்ளைகள்மேல். அவர்கள்தான் கொண்டுவருவார்கள் என்று நானும் உங்களைப் போலத்தான் நம்பினேன்.

ஸ்டாஃப் ரூமில் யாரும் குறி போடவில்லை.

மார்ச் 12, வெள்ளிக்கிழமை. எங்கள் கணக்கு சாரின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வீட்டிலிருந்து மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் புளிமுளமும் இரண்டு பெரிய தூக்குவாளியில் கொண்டுவந்தார். எங்கள் ஸ்டாஃப் ரூமில் நீளமாக ஒரே மேசை. இரண்டு சன்னலில் ஒன்றைப் பழைய பீரோ மறைத்து நிற்கும். இன்னொன்றைத் திறந்தால் விடைத்தாள் பறக்கிறது என்று கொக்கி போட்டு வைத்திருப்போம். 14 பேர். மாஸ்க்கை ஒருத்தி முழங்கையில் மாட்டியிருந்தாள், ஒருத்தர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார், என்னுடையது டிபன் டப்பா மூடிக்கு அடியில் கிடந்தது. நெருங்கி உட்கார்ந்து ஒரு மணி நேரம் சாப்பிட்டோம், சிரித்தோம். பத்து மாதம் வீட்டுக்குள் கிடந்துவிட்டு வந்தவர்கள். அந்தச் சிரிப்பு எங்களுக்குத் தேவையாகத்தான் இருந்தது.

ஞாயிறு இரவு தமிழ் டீச்சருக்குத் தொண்டை கரகரப்பு. திங்கள் பாடம் முடிக்க வேண்டும் என்று வந்தார். செவ்வாய் காய்ச்சல். வியாழக்கிழமை ரிசல்ட். அடுத்த திங்கள், மார்ச் 22 முதல், தமிழ்நாடு முழுக்க ஒன்பது, பத்து, பதினொன்றை மறுபடி மூடினார்கள். அதற்குள் எங்களில் ஆறு பேருக்கு வந்துவிட்டது. மூன்று பேர் ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். கணக்கு சார் 11 நாள் ஆக்ஸிஜனில் இருந்து பிழைத்து வந்தார். கல்யாணம் தள்ளிப்போய் ஆகஸ்டில் நடந்தது. இன்றைக்கும் மாடி வகுப்புக்கு ஏறும்போது பாதியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றுவிட்டுத்தான் ஏறுகிறார்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்வாப் எடுத்தார்கள். ஒருத்தருக்கும் இல்லை.

7 செப்டம்பர் 2021, ராத்திரி

"சாளை மேல் பழி போடாதீங்க டீச்சர்" என்று குளச்சல் தம்பி எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரித்தேன். சாளை பாவம் தம்பி. கரண்டியும் பாவம்தான். கரண்டியை ஆளுக்கொன்று மாற்றியிருந்தாலும் அன்று அதேதான் நடந்திருக்கும். அடைத்த அறையில் ஒரு மணி நேரம் பேசியபோது வாயிலிருந்து வெளிவந்த நுண்துளிகள் புகை மாதிரி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன. பக்கத்து ஆள் பீடி குடித்தால் எவ்வளவு தூரத்துக்கு நாற்றம் வரும் என்று யோசித்துப் பாருங்கள், ஏறக்குறைய அதே கணக்கு. காற்றில் மிதந்து பரவும் என்பதை உலக சுகாதார நிறுவனமே இந்த ஏப்ரல் கடைசியில்தான் தன் பக்கத்தில் தெளிவாக எழுதியது. நாங்கள் அதுவரை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

9 செப்டம்பர் 2021

ஒரு திருத்தம். என் பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன். அந்த ஆறு பேரில் இரண்டு பேர் அதே வாரம் தேர்தல் பயிற்சி வகுப்புக்கும் போயிருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு எல்லாமே ஸ்டாஃப் ரூமில் வந்தது என்று நான் சாதித்தது சரியில்லை. நான்கு பேர் விஷயத்தில் உறுதியாகச் சொல்வேன். மற்ற இரண்டு பேருக்கும் இங்கேயும் வந்திருக்கலாம், அங்கேயும் வந்திருக்கலாம்.

ஆனால் பயிற்சி வகுப்பும் பெரியவர்கள் கூடிய அடைத்த ஹால்தானே? பிள்ளை ஒன்றுகூட அங்கே இல்லை.

ஏப்ரல் 6 தேர்தல் பணியை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. வசந்தகுமார் எம்.பி. போன வருஷம் ஆகஸ்டில் கொரோனாவில் இறந்ததால் நம் மாவட்டத்தில் சட்டசபையோடு நாடாளுமன்ற இடைத்தேர்தலும் சேர்ந்து நடந்தது. ஆளுக்கு இரண்டு வாக்கு, பூத்துக்கு இரண்டு இயந்திரம், அதனால் ஒவ்வொருவரும் வாக்குப் போட மற்ற மாவட்டங்களை விடக் கூடுதல் நேரம். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கையுறை கொடுத்தோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தொற்று உள்ளவர்கள் வருவதற்காக எங்களுக்குக் கவச உடை வைத்திருந்தார்கள். நான் இருந்த பூத்தில் அப்படி யாரும் வரவில்லை. தெரிந்து வருகிறவருக்காகக் கவசம் மாட்டத் தயாராக இருந்தோம். தெரியாமல் வந்த எத்தனையோ பேர் காலை ஏழு மணியிலிருந்து முன்னால் நின்று, முகம் பார்க்க வேண்டும் என்று நாங்களே கேட்டு, மாஸ்க்கை இறக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள்.

11 செப்டம்பர் 2021

"உங்கள் ஒரு பள்ளிக் கதையை வைத்து ஊருக்கே சொல்லாதீர்கள்" என்று குலசேகரத்துச் சார் கேட்டது நியாயம். நான் படித்ததில் இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம். போன டிசம்பர், ஜனவரியில் ஒரே கல்வி மாவட்டத்தின் ஆறு தொடக்கப் பள்ளிகளில் யாரிடமிருந்து யாருக்கு என்று தேடிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்பது கொத்தாகத் தொற்று இருந்தது. அதில் நான்கு கொத்தில் முதல் ஆள் ஆசிரியர். இரண்டு கொத்தில் ஆசிரியருக்கு ஆசிரியர் கொடுத்து, அதற்குப் பிறகு வகுப்பில் பிள்ளைகளுக்குப் போயிருக்கிறது. பள்ளியில் பரவியது என்று கணக்கிட்ட 31 பேரில் 15 பேர் அந்த இரண்டு கொத்தில்தான். டீச்சர்மார் எங்கே பிடித்துக்கொண்டார்கள்? நேரில் கூடிய கூட்டத்திலும் மதியச் சாப்பாட்டிலும். படித்துவிட்டு எங்கள் மேசையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இன்னொன்று சுவீடன். போன வருஷம் மார்ச்சில் அங்கே பெரிய வகுப்புகளை மட்டும் ஆன்லைனுக்கு மாற்றிவிட்டு, ஏழு முதல் ஒன்பது வரை திறந்தே வைத்திருந்தார்கள். திறந்த வகுப்பு டீச்சர்மாருக்கு, வீட்டிலிருந்து பாடம் எடுத்தவர்களை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு தொற்று. அதே வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்குக் கொஞ்சம்தான் கூடியது. அதனால் பள்ளி வேலையில் அபாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. உண்டு. அது எந்த மூலையிலிருந்து வருகிறது என்பதுதான் என் பேச்சு.

13 செப்டம்பர் 2021

"அப்போ பிள்ளைகளிடமிருந்து வராது என்கிறீர்களா?" வரும். பிள்ளைகளுக்குத் தொண்டைவலிகூட இல்லாமல் வந்து போவது உண்டு, ஸ்வாப் எடுத்த நாள் தப்பினால் நெகட்டிவ் என்றும் காட்டும். தஞ்சாவூர் பக்கம் மார்ச்சில் மாணவிகளுக்கு எப்படிப் பரவியது என்று எல்லாரும் பார்த்தோமே. எங்கள் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை நான் கடைசி வார்த்தையாகச் சொன்னது அவசரம்.

ஆனால் எதிர்த்திசையையும் பாருங்கள். போன மாதம் வெளிவந்தது இது. கலிஃபோர்னியாவில் தடுப்பூசி போடாத ஒரு டீச்சர், மூக்கடைப்பும் சோர்வுமாக இரண்டு நாள் வகுப்புக்கு வந்திருக்கிறார். எல்லாரும் மாஸ்க் போட வேண்டிய பள்ளி. கதை வாசிக்கும்போது மட்டும் இவர் மாஸ்க்கைக் கழற்றினார். வகுப்பில் 24 பிள்ளைகள், அதில் 12 பேருக்கு வந்தது. டீச்சருக்கு எதிரே முன் இரண்டு வரிசையில் இருந்த 10 பேரில் 8 பேருக்கு.

அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். "கேக்கல டீச்சர்" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தால் மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கிவிட்டுப் பாடம் எடுப்பது என் பழக்கம். அறிகுறி தெரிவதற்கு முன்பே பிறருக்குப் பரப்புகிற இரண்டு நாள் எனக்கும் உண்டுதானே. எத்தனை முறை இறக்கியிருப்பேன்!

15 செப்டம்பர் 2021

இடுப்பில் கட்டுகிற சின்ன ஒலிபெருக்கி, கன்னத்தோடு ஒட்டிய மைக். கோவிலில் கதை சொல்கிறவர்கள் வைத்திருப்பார்களே, அதேதான். நாகர்கோவிலில் வாங்கினேன். மாஸ்க்குக்கு உள்ளே மைக்கை விட்டால் நன்றாகக் கேட்கிறது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

2 அக்டோபர் 2021

இத்தனை நாளும் டீச்சர் டீச்சர் என்றே பேசிக்கொண்டிருந்தோம். பள்ளியில் வேலை செய்கிறவர்கள் நாங்கள் மட்டுமா?

எங்கள் சத்துணவு அக்காவுக்கு வந்துவிட்டது. 54 வயது. முதல் ஊசியை ஆகஸ்டு கடைசியில்தான் போட்டார். 84 நாள் இடைவெளி, ஆக இரண்டாவதுக்கு நவம்பர் ஆகும். எனக்குத் தேர்தல் பணி என்று மார்ச்சிலேயே முதல் ஊசி கிடைத்தது. பூத்தில் எங்களுக்குச் சாயா போட்டுக் கொடுத்த அக்காவுக்குக் கிடைக்கவில்லை. அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அவருக்கு உடம்பு வலி தொடங்கியது திங்கள்கிழமை. வியாழக்கிழமை வரை வேலைக்கு வந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று ஃபோனில் கேட்டேன். "வரலைன்னா நான்தான் ஆள் பிடிச்சு விடணும் டீச்சர். அவளுக்கு நாள் கூலி என் கையிலேருந்து கொடுக்கணும்." அவ்வளவுதான் சொன்னார். நாங்கள் அவரிடம் ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லை. உடம்பு சரியில்லாவிட்டால் வராதீர்கள் என்று வாசலில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

சமையலறையை அளந்து பார்த்தேன், என் கால் கணக்கில் பத்துக்கு எட்டு. ஒரு கதவு, புகைக்கரி படிந்த ஒரு சன்னல். அடுப்பு எரியும்போது மாஸ்க் போட்டு நிற்க முடியாது. நான் அன்று ஐந்து நிமிஷம் நின்று பார்த்தேன், மூச்சு முட்டியது. உதவிக்கு வரும் அக்காவும் அதே அறையில்தான். ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. பெருக்குகிற பாட்டிக்கு இல்லை, அவர் எப்போதும் வெளியே வராந்தாவில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். ஸ்டாஃப் ரூமுக்குள் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அவர் தப்பியதற்கு அதுதான் காரணம் என்று எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

4 அக்டோபர் 2021

பணம் விஷயம் கேட்டவர்களுக்கு: டீச்சர்மார் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, இரண்டு அக்காமாருக்கும் 14 நாளுக்கு மாற்று ஆள் கூலி கொடுத்தோம். நல்லதுதான், ஆனால் இது பத்தாது. எங்களுக்குச் சம்பளத்தோடு லீவு இருப்பது போல அவர்களுக்கும் எழுத்தில் இருக்க வேண்டும். டீச்சர் சங்கம் எத்தனையோ கோரிக்கை எழுதுகிறது. இதை ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

16 நவம்பர் 2021

பிள்ளைகள் எல்லாரும் வந்தாச்சு. 1ஆம் தேதி ஒன்று முதல் எட்டு வரையும் திறந்தார்கள். ஆனால் தீபாவளி, பிறகு இந்த மழை. போன வெள்ளி, சனி பெய்த பெய்யில் தண்டவாளம் மூழ்கி, வாழைத் தோட்டம் எல்லாம் குளமாகி, பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள்.

மழைக்கும் நம் பேச்சுக்கும் சம்பந்தம் உண்டு. சன்னலைத் திற திற என்று இரண்டு மாதமாகச் சொல்லிவந்தோம். சாரல் அடித்தால் முதல் வேலை சன்னலை அடைப்பதுதான். நமக்கு ஜூனிலும் மழை, நவம்பரிலும் மழை. வருஷத்தில் பாதி நாள் அடைத்த வகுப்பு. மேற்குச் சன்னலை மட்டும் சாத்தி, கிழக்குச் சன்னலையும் வராந்தா பக்கக் கதவையும் திறந்தே போடச் சொல்லியிருக்கிறேன். முன் பெஞ்சு கொஞ்சம் நனையும். நனைந்த பெஞ்சைத் துணியால் துடைக்கலாம்.

ஸ்டாஃப் ரூம் பீரோவை நகர்த்தியாச்சு. அதன் பின்னால் 1998ஆம் வருஷத்து வருகைப் பதிவேடு ஒன்று கிடந்தது, கரையான் பாதி தின்றுவிட்டது. பி.டி. சாரும் நானும் இரண்டு பிளஸ் டூ பையன்களும் சேர்ந்துதான் நகர்த்தினோம். இரண்டு வருஷமாக இந்தச் சன்னலுக்கு வெளியே அயினி மரம் நிற்பதையே மறந்துபோயிருந்தோம்.

23 ஜனவரி 2022

எனக்கு வந்துவிட்டது. ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், இப்போது நன்றாக இருக்கிறேன். மூன்று நாள் காய்ச்சல், தொண்டையில் முள் குத்துவது போல வலி, அப்புறம் ஒரு வாரம் அசதி. ஏழு நாள் தனி அறை. பக்கத்து அறையில் மகனுக்கும் வந்தது. மாமியாருக்கு 78 வயது, அவருக்கு வரவில்லை. அந்த ஏழு நாளும் இரவில் அவர் இருமுகிறாரா என்று கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

செப்டம்பரில் எழுதியதை அப்படியே நிற்க விடக் கூடாது. இந்த முறை எனக்கு வந்தது அநேகமாக வகுப்பிலிருந்துதான். பொங்கல் வரை பத்து முதல் பன்னிரண்டு வரை மட்டும் நடந்தது. ஜனவரி 10ஆம் தேதி பத்தாம் வகுப்பில் ஐந்து பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்தார்கள். பனி, டீச்சர் என்றார்கள். நானும் பனி என்று நினைத்தேன். 13ஆம் தேதி எனக்குத் தொண்டை. ஸ்டாஃப் ரூமில் யாரும் இப்போது உள்ளே இருந்து சாப்பிடுவதில்லை, 14 பேரில் எனக்கும் இன்னொரு டீச்சருக்கும் மட்டும்தான் வந்தது. அவருக்கும் அதே வகுப்பு.

ஒமிக்ரான் முந்தியதை விட வேகமாக ஓடுகிறது, போட்ட ஊசிக்கும் ஆறு மாதம் தாண்டிவிட்டது. ஆக, பிள்ளைகளிடமிருந்து வராது என்ற தொனியில் யாராவது என் பழைய குறிப்பை எடுத்துப் பகிர்ந்தால் இதையும் சேர்த்துப் பகிருங்கள். அண்ணே, உங்கள் மனைவிக்கும் இந்த மாதம் வந்து ஐந்து நாளில் சரியாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். சுகர் எப்படி இருக்கிறது? காய்ச்சலுக்குப் பிறகு ஏறி இறங்கும், ஒரு மாதம் அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்து பிள்ளைகளில் ஒருத்தி ஃபோன் பண்ணி, "என்னாலதானா டீச்சர்?" என்று அழுதாள். இல்லை மக்களே, யாரால் என்று யாருக்கும் தெரியாது என்றேன். பொய் சொல்லவில்லை. தெரியாதுதான்.

8 பிப்ரவரி 2022

1ஆம் தேதி எல்லா வகுப்பும் மறுபடி திறந்தாச்சு. இப்போது எங்கள் மதியச் சாப்பாடு அயினி மரத்தடியில். பழைய பெஞ்சு நாலு போட்டிருக்கிறோம், இடைவெளி விட்டு. கணக்கு சார் கீழ்த்தளத்து வகுப்புகளை மட்டும் எடுக்கும்படி டைம்டேபிள் மாற்றியாச்சு. பெருக்குகிற பாட்டியை முதல் நாளே கூப்பிட்டு உட்கார வைத்தோம். இரண்டு நாள் கூச்சப்பட்டார். மூன்றாம் நாள் அவர் வீட்டு நார்த்தங்காய் ஊறுகாய் வந்தது, ஆளுக்கொரு இலைத்துண்டில் தனித்தனியாகத்தான் வைத்தார்.

22 பிப்ரவரி 2022

உள்ளாட்சித் தேர்தல் பணி 19ஆம் தேதி முடிந்தது. இதுவரை எங்கள் பள்ளியில் யாருக்கும் ஒன்றுமில்லை.

சத்துணவு அக்கா பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர் அக்டோபர் நடுவிலேயே வேலைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் மணம் போனது போனதுதான். நாலு மாதமாகச் சாம்பார் கொதிக்கும்போது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டு, "பருப்பு அடிபிடிச்சிருக்கான்னு மோந்து பாரு மக்களே" என்று கேட்டுத்தான் இறக்குவார். எத்தனை வருஷமாகப் பார்க்காமலே உப்பும் புளியும் போட்ட கை, இப்போது அளந்து அளந்து போடுகிறது.

இன்று இடைவேளையில் என்னைச் சமையலறை வாசலுக்குக் கூப்பிட்டார். பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் நின்றார். "லேசாத் தெரியுது டீச்சர். பெருங்காயம்தானா, இல்ல நான் நினைச்சுக்கிறேனா?" என்றார். டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டு, அதையும் மிளகுப் பொடியையும் மாற்றி மாற்றி நீட்டச் சொன்னார். ஐந்து முறை நீட்டினேன். நாலு முறை சரியாகச் சொன்னார்.